மூளை அழுத்தம்: சராசரி எண்ணா, பிஆர்எக்ஸ் குறியீடா?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ தலையில் பலத்த அடிபட்டு, கோயம்புத்தூருக்கு இறக்கப்படும் நோயாளிக்கு மண்டைக்குள் அழுத்தம் அளக்கப்படுகிறது. அந்த எண்ணை இரண்டு விதமாகப் படிக்கலாம்.

சராசரி அழுத்தம் எளிது. 22 மிமீ பாதரசத்தைத் தாண்டினால் சிகிச்சை. சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பது, அதாவது மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம், 60 முதல் 70-க்குள் இருக்க வேண்டும். பேனாவும் சார்ட்டும் போதும். ஆனால் மூளை நீரை வெளியேற்ற வைத்த வடிகுழாயின் டிரான்ஸ்டியூசர் (அழுத்தம் உணரும் கருவி) காது மட்டத்துக்கு 10 செமீ கீழே இறங்கினாலே 7 மிமீக்கு மேல் கூட்டிக் காட்டும். மலையிறக்கத்தில் ஸ்ட்ரெச்சர் சாயும்போது இதுதான் நடக்கிறது. மட்டத்தைச் சரிசெய்யாமல் மருந்தைக் கூட்டாதீர்கள்.

1997-இல் கேம்பிரிட்ஜ் குழு முன்வைத்த பிஆர்எக்ஸ் (PRx, அழுத்த எதிர்வினைக் குறியீடு) வேறு கேள்வி கேட்கிறது: ரத்த அழுத்தம் மாறும்போது மூளை ரத்தக்குழாய்கள் இன்னும் சுருங்கி விரிகின்றனவா? பத்து விநாடிச் சராசரிகள் முப்பதை, அதாவது 5 நிமிடத் தரவை எடுத்து, ரத்த அழுத்தத்துக்கும் மூளை அழுத்தத்துக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும், -1 முதல் +1 வரையிலான எண்) காண்கிறோம். பத்து விநாடிச் சராசரி நாடித்துடிப்பையும் மூச்சலையையும் அழித்துவிடும். பூஜ்ஜியத்துக்கு அருகிலோ கீழோ இருந்தால் நல்லது, 0.25-ஐத் தாண்டி நிலைத்தால் குழாய்கள் செயலிழக்கின்றன.

இதன் அழகு, மாறாத மட்டப்பிழை கெழுவைத் தொடுவதே இல்லை. ஆனால் இரு டிரான்ஸ்டியூசர்களும் சேர்ந்து ஏறி இறங்கினால் பொய்யான நேர்மறை வரும், இருமலும் அப்படித்தான். வடிகுழாய் திறந்திருந்தால் கணக்கே செல்லாது. ஒற்றை மதிப்பை நம்பாமல் மணிக்கணக்கில் சராசரி பாருங்கள்.

ஆகவே வண்டியிலும் சிறிய ஐசியூவிலும் சராசரி எண். இரு அலைகளையும் கணினி தொடர்ந்து பதியும் இடத்தில் பிஆர்எக்ஸையும் சேர்த்துப் பாருங்கள்.