1901 ஆம் ஆண்டு வெள்ளி ரூபா: நிறத்துக்கு எத்தனை புள்ளி, தேய்வுக்கு எத்தனை புள்ளி

கடைக்காரர் அதைப் ‘புழங்காத காசு’ என்று சொல்லி விற்றார். அது புழங்கிய காசு என்பது கடை வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் அவர் கேட்ட 18,500 ரூபாவைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். வெள்ளியாக உருக்கினால் கிடைக்கக்கூடியதைவிட இது கணிசமாக அதிகம். ஏன் கொடுத்தேன் என்பதையும், அந்தக் காசுக்கும் அந்தக் கடைக்கும் நான் இடும் புள்ளிகளையும் இங்கே எழுதுகிறேன்.

கடை கல்முனையில், பழைய பித்தளைப் பாத்திரங்கள், சுவர் மணிக்கூடுகள், மண்ணெண்ணெய் விளக்குகள் ஆகியவற்றுக்கு நடுவில் ஒரு கண்ணாடித் தட்டில் நாணயங்களை வைத்து விற்கும் சிறிய இடம். உரிமையாளரை எல்லாரும் ‘நானா’ என்றே அழைக்கிறார்கள். நாணயம் விக்டோரியா மகாராணியின் இறுதி ஆண்டான 1901 இல் அடிக்கப்பட்ட இந்திய ரூபா. முன்பக்கத்தில் முடி சூடிய அரசியின் இடப்புறம் நோக்கிய மார்பளவு உருவமும் ‘விக்டோரியா எம்பிரஸ்’ என்ற ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றன. பின்பக்கத்தில் மலர்க்கொடி வளையத்துக்குள் ‘ஒன் ரூபி இந்தியா 1901’ என்று பொறித்து, அடிப்பகுதியில் கல்கத்தா நாணயச்சாலையைக் குறிக்கும் மிகச் சிறிய ‘சி’ எழுத்தைக் குழிவாகப் பதித்திருக்கிறார்கள். இந்தியக் காசுக்கும் எங்கள் ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: 1872 ஆம் ஆண்டிலிருந்து அந்தக் காலத்தில் இலங்கையின் சட்டபூர்வ நாணயமாக இருந்தது இந்திய ரூபாவே. 1892 இல் 10, 25, 50 சத வெள்ளிக்காசுகள் இலங்கைக்கென்று வெளிவந்தபோதும், முழு ரூபாவுக்கு இந்த இந்தியக் காசுதான் கைமாறியது. நெல் விற்ற பணமும் கொப்பறாவுக்கு வந்த பணமும் இந்த வடிவில்தான் எங்கள் பாட்டன்மாரின் மடியில் இருந்தன.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். முன்பக்கத்தின் நடுவில், அரசியின் கன்னத்தைச் சுற்றிய வெளி, மிக இலேசான வைக்கோல் மஞ்சளாக இருக்கிறது. அங்கிருந்து விளிம்பை நோக்கிப் போகப் போக மஞ்சள் கொம்புத்தேன் நிறமாகத் தடிக்கிறது, பிறகு செம்மையேறுகிறது, பிறகு நாவற்பழத்தைக் கடித்த நாக்கின் ஊதாவாகிறது. விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய நீல வளையம் ஓடுகிறது. இந்த நீலம் சுற்றிலும் ஒரே அகலத்தில் இல்லை. வலப்புறம் கீழே, அரசியின் தோளுக்குப் பின்னால், அது பிறைபோல அகன்று, மயிற்கழுத்தின் பச்சையைத் தொட்டு நிற்கிறது. காசை விரல்களுக்கிடையில் ஓரத்தில் பிடித்து ஒற்றை மின்விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், இத்தனை நிறங்களுக்கும் அடியில், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் சுழல்வது போல ஒரு வெளிச்சக் கீற்று வட்டமாக ஓடுகிறது. நான் பணத்தை எண்ணிக் கொடுத்தது அந்தக் கீற்றைப் பார்த்த பிறகுதான்.

சேகரிப்பவர்கள் ‘டோனிங்’ என்று சொல்லும் இந்த நிறம் சாயமன்று. காற்றிலும் காகிதத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடி, மேற்பரப்பில் வெள்ளிச் சல்பைட்டின் மிக மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதி, சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் ஓங்குகின்றன. கல்லடிப் பாலத்தின் கீழ் வள்ளத்து இயந்திரத்திலிருந்து சொட்டிய எண்ணெய் வாவி நீரில் விரிக்கும் வானவில்லும் இதே விதியால் வருவதுதான். படலம் தடிக்கத் தடிக்க நிறங்கள் ஓர் ஒழுங்கில் மாறும்: முதலில் மஞ்சள், பிறகு செம்மையும் ஊதாவும், பிறகு நீலம், அதன் பின் பச்சை கலந்த அடுத்த சுற்று, இறுதியில் கறுப்பு. என்னுடைய காசில் நடுவிலிருந்து விளிம்புவரை அந்த ஒழுங்கு ஒரு படிகூடத் தாண்டாமல் அப்படியே இருக்கிறது. கள்ள நிறம் ஏற்றுபவர்களிடம் பெரும்பாலும் தவறிப்போவது இந்த ஒழுங்குதான். மஞ்சளுக்குப் பக்கத்தில் திடீரென்று கடும் நீலம் நின்றால், அவித்த முட்டையையோ கந்தகத் தூளையோ வெப்பத்தையோ சந்தேகிக்க வேண்டும்.

நிறம் வந்த வழியையும் இந்தக் காசில் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தது. நானா அதை எடுத்தது, தடித்த அட்டையில் வட்டத் துளைகள் வெட்டி, பின்புறம் காகிதம் ஒட்டி, யாரோ ஒருவர் வீட்டிலேயே செய்த நாணயத் தாளிலிருந்து. அந்த அட்டையைக் குப்பைக்கு ஒதுக்கி வைத்திருந்தார். கேட்டு வாங்கிப் பார்த்தேன். துளையின் விளிம்பு சுற்றிலும் பழுத்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் காசு சாய்ந்து அட்டையோடு நெருங்கிக் கிடந்த தடம் பிறைவடிவில் கறுத்திருந்தது. காசைத் துளையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோது, நீலம் அகன்ற இடமும் அட்டை கறுத்த இடமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. “அந்த அட்டையையும் தாங்க நானா” என்றேன். “அதுக்கு என்ன விலை சொல்ற தம்பி, கொண்டு போங்க” என்று சிரித்தார். என்னைப் பொறுத்தவரை அந்த அட்டை ஒரு சான்றிதழ்.

தேய்வைப் பற்றிச் சொல்லும்போது அவ்வளவு இனிமையாகப் பேச முடியாது. நிறம் அழகானதாக இருக்கும்போது கண் அதிலேயே நின்றுவிடும், கன்னம் மழுங்கியிருப்பதைக் கவனிக்காது. பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், காதுக்கு மேலுள்ள முடியிழைகள் இரண்டு மூன்று ஒன்றாய்க் கலந்திருக்கின்றன. மேலாடையின் பூவேலையில் உயர்ந்த முனைகள் தட்டையாகியுள்ளன. கன்னத்தின் உச்சியில் ஒளிக்கீற்று வந்து அறுந்து, மறுபுறம் தொடர்கிறது. அச்சு அழுத்தமாக விழாததால் வரும் மழுங்கலில் ஒளி இப்படி அறுவதில்லை. ஆகவே இந்தக் காசு சிறிது காலம் கைமாறியிருக்கிறது, அதன் பிறகே அட்டைக்குள் போய் நிறம் பெற்றிருக்கிறது. மருத்துவரும் உளவியலாளருமான வில்லியம் ஷெல்டன் 1949 இல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்த 70 புள்ளி அளவுகோலை இன்று உலகெங்கும் எல்லாக் காசுகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். அதில் 60 முதல் 70 வரை மட்டுமே புழங்காத காசுகளுக்கு உரியது. முன்பக்கத்துக்கு நான் 55 தருகிறேன். தாராள மனம் கொண்ட ஒருவர் 58 தரலாம். அவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன், ஆனால் 60 என்று சொன்னால் போவேன்.

பின்பக்கத்துக்கு 53க்கு மேல் இல்லை. ஒட்டிய காகிதத்தின் மேல் முதுகு படிந்து கிடந்ததால் அந்தப் பக்கம் சாம்பல் கலந்த மண்ணிறமாக மங்கிவிட்டது. ‘1901’ என்ற எண்ணில் பூச்சியத்துக்கு அருகில் குண்டூசித் தலை அளவு ஒரு கறுப்புப் புள்ளியும் இருக்கிறது. அதை எடுக்க முயல்வது அதைவிடப் பெரிய கேடாக முடியும்.

எங்கள் பக்கத்தில் கெட்டுப்போகும் காசுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் கெடுகின்றன. வெள்ளி கறுத்தால் புளியும் சாம்பலும் போட்டு விளக்குவது, திருநீற்றால் தேய்த்து மினுக்குவது, பற்பொடியால் துலக்குவது எல்லாம் குத்துவிளக்குக்கும் கும்பாவுக்கும் சரி. காசில் அவை மயிரிழைக் கீறல்களை ஒரே திசையில் விட்டுச் செல்லும், சக்கர ஒளி செத்துவிடும், காசுகளைத் தரப்படுத்தும் நிறுவனங்கள் புள்ளி தர மறுத்து ‘துலக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதி அனுப்பும். எனது பெரியம்மாவின் பெட்டகத்திலிருந்து கிடைத்த 1862 ஆம் ஆண்டு ரூபாவை, பல வருடங்களுக்கு முன், தெரிந்த நகைக்கடை ஒன்றில் எடை பார்க்கக் கொடுத்தேன். எடை பார்த்தவர் நல்லெண்ணத்தோடு அதை ஏதோ திரவத்தில் முக்கி, தூரிகையால் தேய்த்து, புத்தம்புதுக் காசுபோல மினுங்க மினுங்கத் திருப்பித் தந்தார். ‘நன்றி’ சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறியது இப்போதும் நினைவிருக்கிறது. அது இன்றுவரை வெள்ளைத் தகரம்போல் கிடக்கிறது.

ஆகவே இந்த முறை எடை பார்க்கும்போது பக்கத்திலேயே நின்றேன். இந்த ரூபாவின் முறையான எடை 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. மட்டக்களப்பில் எனக்குத் தெரிந்த தட்டார் ஒருவரின் தராசில் காசு 11.61 கிராம் நின்றது. தேய்ந்த அளவுக்கு அது பொருத்தமான குறைவு. பிறகு தராசின் மேல் ஒரு கிண்ணத்தில் சுத்திகரித்த நீர் வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் நீருக்குள் தொங்கவிட்டோம். தராசு 1.12 காட்டியது. 11.61 ஐ 1.12 ஆல் வகுத்தால் அடர்த்தி 10.3க்கும் 10.4க்கும் இடையில் வருகிறது. அந்தக் கலவைக்குக் கணக்குப்படி வரவேண்டியதும் ஏறத்தாழ 10.34 தான். செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசியதாக இருந்தால் எண் 9ஐ ஒட்டி விழுந்திருக்கும். நீரிலிருந்து எடுத்ததும் துடைக்கவில்லை. மென்மையான பருத்தித் துணியின் மேல் வைத்து ஒற்றி எடுத்தோம்.

கடையைப் பற்றியும் நியாயமாகச் சில சொல்ல வேண்டும். நானாவுக்குக் காசுகளின் வரலாறு நன்றாகத் தெரியும். தட்டில் இருந்த 1911 ஆம் ஆண்டு ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாவை எடுத்து, அரசரின் மேலங்கியில் தொங்கும் யானை பன்றிபோலத் தெரிகிறது என்று முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழுந்ததால் அடுத்த ஆண்டே வடிவத்தைத் திருத்த வேண்டியதாயிற்று என்ற கதையை, உருப்பெருக்கியை என் கையில் தந்து தும்பிக்கையைத் தேடச் சொல்லி விளக்கினார். எதையும் துலக்கி வைக்காத கடை இது. இந்தப் பகுதியில் அதற்கே தனியாக ஒரு புள்ளி கொடுக்கலாம். ஆனால் தரம் சொல்வதில் கை தாராளம். தட்டில் இருந்த ஏழெட்டு ரூபாக்களையும் ‘புழங்காதது’ என்றே சொன்னார், அவற்றில் ஒன்றில் ஆபரணமாகப் பற்றவைத்த வளையத்தைக் கழற்றிய வடு ஓரத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதைவிடப் பெரிய குறை, காசுகளை மென்மையான பீவீசி உறைகளில் வைத்திருப்பது. எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் அந்தப் பிளாஸ்டிக் மெல்ல மெல்லச் சிதைந்து, பசையான பச்சைப் படிவை விடும். அது வெள்ளியையே அரிக்கும். என் காசு அந்த உறையில் சில வாரங்களே இருந்ததால் விளிம்பில் மிக இலேசான பிசுபிசுப்பு மட்டும் இருந்தது. தூய அசிற்றோனில் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தேன். அசிற்றோன் பிளாஸ்டிக்கின் எச்சத்தைக் கரைக்குமே தவிரச் சல்பைட்டுப் படலத்தைத் தொடாது. நிறம் அப்படியே இருந்தது. நகப்பூச்சு அகற்றும் புட்டியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அதில் வேறு எண்ணெய்களும் வாசனையும் கலந்திருக்கும்.

என் புள்ளிகள் இவை. தேய்வுக்கு முன்பக்கம் 55, பின்பக்கம் 53. இரண்டில் குறைந்ததைக் கொண்டே காசை மதிப்பது என் வழக்கம். நிறத்துக்கு ஐந்தில் நாலரை. அரைப் புள்ளி பின்பக்கத்துக் கறுப்புப் பொட்டுக்குப் போனது. தரப்படுத்தும் நிறுவனமான என்ஜிசி, கண்ணைக் கவரும் காசுகளின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இடும். எண்ணைக் கூட்டாமல் அழகைத் தனியே குறிக்கும் அந்த முறை எனக்குப் பிடிக்கும், ஏனெனில் நிறத்துக்காக 55 ஐ 62 ஆக்குபவர்களிடம்தான் நாம் ஏமாறுகிறோம். கடைக்கு ஐந்தில் மூன்று.

காசு இப்போது கல்லடியில் என் அலுமாரியில், பீவீசி இல்லாத கடினமான வட்டக் கூட்டுக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இருக்கிறது. வாவியில் நீர் வற்றிக் கண்டல் சேறு நாறும் நாட்களில் காற்றில் கலந்து வருவதும் அதே கந்தக வாயுதான் என்பதால், அந்த அறையின் யன்னலை அப்போது சாத்திவிடுகிறேன். பழைய அட்டையைத் தனியே வேறொரு தட்டில் வைத்திருக்கிறேன். பின்பக்கத்துக் கறுப்புப் பொட்டை ஒவ்வொரு மாதமும் ஒரே விளக்கின் கீழ் ஒரே கோணத்தில் படமெடுக்கிறேன். இதுவரை எடுத்த இரண்டு படங்களிலும் அது ஒரே அளவில் இருக்கிறது. நானாவிடம் கடின உறைகள் சிலவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது, பற்றவைத்த வடுவுள்ள அந்தக் காசைத்தான் அவர் முதலாவதாக அதற்குள் போட்டு வைத்திருந்தார்.