மூலக்கடை டர்போ பட்டறை: புகை வந்தாலே டர்போ போச்சா?

மூலக்கடை மேம்பாலம் தாண்டி மாதவரம் பக்கம் உள்ளே திரும்பினால், லாரி பட்டறைகளுக்கு நடுவே ஒற்றை ஷட்டர் கடை ஒன்று இருக்கிறது. பலகையில் பெயர் வெளுத்துப் போய் ‘டர்போ’ என்பது மட்டும்தான் படிக்க முடிகிறது. எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுற்றி, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான்தான் டர்போ. டீசல் கார் வைத்திருக்கும் வடசென்னைக்காரர்கள் இந்த இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். உட்கார நாற்காலி, ஏசி, காபி என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரு பழைய டயர் கிடக்கிறது, அதில் உட்காரலாம்.

என் வண்டி 2013 எர்டிகா டீசல், 1248 சிசி. தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே சமைத்து, மணலி, எண்ணூர் பக்கத்து கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிறேன். பின்சீட்டை மடக்கினால் அண்டா, கேரியர் எல்லாம் அடங்கிவிடும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான ரிங் தேய்ந்து வண்டி ஆயில் குடிக்கிறது என்று வேறொரு பட்டறையில் என்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, பிஸ்டன், ரிங், வால்வு சீல் வரை மாற்றினேன். வண்டி கைக்கு வந்தபோது இழுவை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புகை! எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் என்ஜினை அணைக்காமல் நின்றுவிட்டு, வழி கிடைத்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் நீலமாகக் குப்பென்று கிளம்பும். பைக்கில் வருகிறவர்கள் திட்டிவிட்டுப் போவார்கள். சாப்பாட்டு வண்டியிலிருந்து கருகிய ஆயில் வாடை வந்தால் யார் கேரியரைத் திறப்பார்கள்?

என்ஜின் வேலை செய்த பட்டறையில் பானெட்டைக் கூடத் திறக்கவில்லை. “டர்போ போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க” என்றார்கள். சொன்ன விலை, என்ஜின் வேலைக்கு நான் கொடுத்ததில் பாதிக்கு மேல்.

மூலக்கடை பாய் முதலில் வண்டியைத் தொடவே இல்லை, கேள்விதான் கேட்டார். “எப்பக்கா புகை வருது? காலையில ஸ்டார்ட் பண்றப்பவா, ஓடுறப்பவா, நின்னு கிளம்புறப்பவா?” தம்பியும் கூட வந்திருந்தான். வழக்கமாக மெக்கானிக்குகள் அவன் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். இவர் ஓட்டுகிறவர் யார் என்று கேட்டுக்கொண்டு என்னிடம் பேசினார். இந்த ஒன்றுக்கே ஒரு ஸ்டார் கொடுக்கலாம்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் நீலப் புகை வந்து, அப்புறம் நின்றுவிட்டால், ராத்திரியெல்லாம் வால்வு வழியாக ஆயில் கசிந்திருக்கலாம். லோடு இழுக்கும்போது விடாமல் வந்தால் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். ரொம்ப நேரம் ஐடிலில், அதாவது என்ஜின் மட்டும் ஓட வண்டி நகராமல், நின்றுவிட்டுக் கிளம்பும்போது வந்தால்தான் டர்போ பக்கம் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம்: ஹோஸ் கிழிந்திருக்கும், டர்போவின் உள்ளே காற்றைத் திருப்பும் இதழ்கள் கரி பிடித்து இறுகியிருக்கும், இல்லை இன்ஜெக்டர். வெள்ளைப் புகை தொடர்ந்து வந்து கூலன்ட்டும் குறைந்தால் அது என்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் கதை.

சரி, டர்போ பக்கம்தான் என்றாகிவிட்டது. அப்படியென்றால் டர்போ கெட்டுவிட்டதா? இல்லை என்றார். டர்போவின் உள்ளே ஆயிலைத் தடுப்பது ரப்பர் சீல் இல்லையாம். எக்ஸாஸ்ட் சூட்டில் ரப்பர் எரிந்துபோகும். பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன உலோக வளையம்தான் இருக்கிறது. வளையத்துக்கு வெளிப்பக்கத்துக் காற்றழுத்தமும் சேர்ந்துதான் ஆயிலை உள்ளே நிறுத்துகிறது. ஐடிலில் அந்த அழுத்தம் குறைவு. ஆயில் டர்போவுக்குள் வருவது பம்ப் அழுத்தத்தில், திரும்புவதோ சும்மா கீழே வழிந்து. அதனால்தான் திரும்பும் பைப் தடிமனாக இருக்கிறது. அதில் அடைப்பு இருந்தாலும் சரி, கீழே என்ஜினுக்குள் அழுத்தம் ஏறியிருந்தாலும் சரி, புத்தம் புது டர்போ கூட ஆயிலைக் கக்கும். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சிங்க் அடைத்துத் தண்ணீர் தரையில் வழிந்தால் யாராவது குழாயை மாற்றுவார்களா?

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே நின்றது. ‘புது என்ஜின், நிறைய இருக்கட்டும்’ என்று ஊற்றியிருக்கிறார்கள். என்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திருகி, வாயின் மேல் சும்மா வைத்தார். மூடி குதிக்கவில்லை, லேசாக ஆவி மட்டும். பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் அழுத்தம், பெரிதாக இல்லை, ரிங் இன்னும் முழுதாக உட்காராததால் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும் என்றார். அந்த அழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் ஹோஸிலும் அடைப்பு இல்லை. ஏர் ஃபில்டர் மட்டும் பழையதையே திரும்பப் போட்டிருந்தார்கள், கறுத்துக் கிடந்தது. ஃபில்டர் அடைத்தால் டர்போ வாயில் உறிஞ்சல் அதிகமாகி ஆயிலை இழுக்குமாம்.

ஹோஸைக் கழற்றி, டர்போ ஷாஃப்ட்டின் நுனியை என்னையே பிடித்துப் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் துளி ஆட்டம் தெரிந்தது. ஓடும்போது அந்த இடைவெளியை ஆயில் நிரப்பிவிடும், அது தப்பில்லை. முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினேன், அசைவே தெரியவில்லை. அதில் ஆட்டம் தெரிந்தால்தான் பயப்பட வேண்டும். இறக்கைகளின் விளிம்பிலும் உரசின தடம் இல்லை.

கடைசியில் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றினார். கேஸ்கெட் வைக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி முறுக்கியிருந்தார்கள். பிதுங்கி உள்ளே போன பேஸ்ட் துளையில் பாதிக்கு மேல் மறைத்துக்கொண்டு, விரலால் தொட்டால் ஆடியது. அதுதான் புகை.

பேஸ்ட்டைச் சுரண்டியதோடு அவர் விடவில்லை. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிச் சாய்த்தார், ஒரு டீ கிளாஸ் அளவுக்கு ஆயில் கொட்டியது. இதை அப்படியே விட்டு வேகம் எடுத்தால் என்ஜின் அந்த ஆயிலையே டீசலாக எரித்துக்கொண்டு தானாக ரேஸ் ஆகும், சாவியை அணைத்தாலும் நிற்காது என்றார். அப்படி ஆனால் டாப் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டு அணைக்க வேண்டும். கை வைத்துக் காற்று வாயை மூடப் பார்க்கக் கூடாது.

பேஸ்ட் இல்லாமல் புது கேஸ்கெட் வைத்து மாட்டினார். டர்போவுக்குள் ஆயில் வரும் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, இன்ஜெக்டர் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிட்டு, ஆயில் பிரஷர் லைட் அணையும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டர் அடித்தார். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகிற சாமான், சில நொடி வறண்டு சுற்றினால் போதும், பேரிங் காலி.

இதற்குப் பிறகும் உடனே புகை நிற்காது, சைலன்சருக்குள் ஊறின ஆயில் எரிந்து தீர வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார். செங்குன்றம் தாண்டிக் காரனோடை வரை ஓட்டினேன். முதலில் முன்பைவிட மோசமாகப் புகைந்தது, போகப் போகக் குறைந்து அடங்கியது. இப்போது கன்டெய்னர் வரிசையில் எவ்வளவு நேரம் நின்று கிளம்பினாலும் கண்ணாடியில் எதுவும் தெரிவதில்லை. டிப்ஸ்டிக் அளவும் இறங்கவில்லை.

மொத்தம் 2,400 ரூபாய், ஏர் ஃபில்டர் உட்பட. டர்போவின் ஷாஃப்ட், பேரிங் அடங்கிய நடுப்பகுதியான கோர் மாற்றுவதுதான் இவர் பிழைப்பே. எனக்கும் ஒன்றைத் தலையில் கட்டியிருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்காது. அங்கே கோர் மாற்றிய வேலை எப்படி இருக்கும் என்பதற்கு நான் மார்க் போடவில்லை, நான் செய்துகொள்ளவில்லை.

குறைகளும் உண்டு. போன் எடுக்கமாட்டார். பில் கேட்டால்தான் வரும், அதுவும் துண்டுச் சீட்டு. ‘ஒரு மணி நேரம்’ என்றால் மாலை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அன்றைய சாப்பாட்டு ஆர்டரே போனது. தெருவில்தான் வேலை, மழை வந்தால் நிறுத்திவிடுவார். பேச ஆரம்பித்தால் விடமாட்டார், எனக்கு அது பிடித்திருந்தது, தம்பி டீக்கடைக்கு ஓடிவிட்டான்.

ஐந்துக்கு நாலு. காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் லாரிகள் அடைத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிகிற வரை ஷட்டர் மூடியிருக்கும்.