பாரிமுனையில் வாங்கிய 'உயிரினங்களின் வரலாறு' சார்ட்: பாதிக்குப் பாதி டைனோசர்

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக பாரிமுனை பக்கம் ஒரு கடையில் இந்தச் சுவர் சார்ட்டை வாங்கினேன். 220 சொன்னார், பேசி 180க்கு முடித்ததில் எனக்கு ஒரு சின்னப் பெருமை வேறு. வீட்டில் விரித்த பிறகுதான் 180கூட அதிகமோ என்று தோன்றியது.

தாளைக் குறை சொல்ல முடியாது. தண்டையார்பேட்டை கடல் காற்றுக்குச் சாதாரண சார்ட் ஒரே மாதத்தில் நமுத்த அப்பளம் ஆகிவிடும், இது மூன்று மாதமாக அப்படியே இருக்கிறது.

சிக்கல் அளவில்தான். பூமிக்கு வயது 460 கோடி ஆண்டு என்று மேலே சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் பாதி இடம் டைனோசருக்கு, முதல் 400 கோடிக்கு ஓரமாக உள்ளங்கை அகலம், அதில் ஒரு எரிமலையும் நாலு பச்சைப் புள்ளியும்.

சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று சாக்பீஸும் தையல் டேப்பும் எடுத்துக்கொண்டு ஹவுசிங் போர்டு வராண்டாவில் உட்கார்ந்தோம். எங்கள் வாசல்தான் இன்று, ஒரு அடிக்கு 10 கோடி ஆண்டு. டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி, செருப்பு விடும் இடத்திலேயே, எட்டு அங்குலத்தில் வந்துவிட்டது. அவற்றின் மொத்தக் கதையும் இரண்டரை அடிக்குள் அடக்கம். காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்தது 24ஆவது அடியில், பக்கத்து வீட்டையும் தாண்டி. ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் இருக்கும் ஸ்ட்ரோமடோலைட், அதாவது நுண்ணுயிர்ப் படலம் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை, 348 கோடி ஆண்டு பழையது, அதைக் குறிக்க மாடிப்படியில் இறங்க வேண்டியிருந்தது. கீழ் வீட்டு அக்கா எட்டிப் பார்த்து "என்னப்பா, மெட்ரோவுக்கு அளக்குறியா?" என்றார். பூமி பிறந்தது அவர் வீட்டு கேஸ் சிலிண்டர் பக்கத்தில். மனிதனின் 3 லட்சம் ஆண்டு ஒரு மில்லிமீட்டர்கூட வரவில்லை, சாக்பீஸ் கோடே அதைவிடத் தடிமன்.

இன்னொரு தப்பு, ட்ரைலோபைட் படத்துக்குக் கீழே 'ஆதி நண்டு' என்று போட்டிருக்கிறார்கள். காசிமேட்டு நண்டு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை, "இதுக்குக் கொடுக்கே இல்லையேப்பா" என்று உடனே பிடித்துவிட்டாள். அது நண்டே இல்லை, கணுக்காலிகளில் தனிக் கிளை, 25 கோடி ஆண்டுக்கு முந்தைய பேரழிவோடு முழுசாக ஒழிந்துபோனது.

டிக்டாலிக், அதாவது மீனுக்கும் நாலு கால் விலங்குக்கும் நடுவில் நிற்கும் புதைபடிவ உயிரினம், அந்தப் படம் மட்டும் அருமை. 2004இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்தது, 37.5 கோடி ஆண்டு பழசு. செதிலும் துடுப்பும் மீன் மாதிரி, துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்பு, அப்புறம் கழுத்து. வஞ்சிரமோ சங்கராவோ எதை வெட்டினாலும் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் கழுத்து என்று ஒன்று இருக்காது, இதற்கு இருந்திருக்கிறது. இந்த ஒரு படத்துக்காகத்தான் சார்ட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஐந்துக்கு மூன்று. மேலே மாட்ட பிளாஸ்டிக் கம்பி உண்டு என்றார், உள்ளே இல்லை. வாங்குபவர்கள் கடையிலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள்.