“என்ன வருத்தம், சத்தமாச் சொல்லுங்கோ”

ஏழு கிழமை வன்னியில் எங்கள் ஊரில் நின்றுவிட்டு ரொறன்ரோ திரும்பி நாலு நாள். நித்திரை இன்னும் ஊர் நேரத்தில்தான் இருக்கிறது, இரவு மூன்று மணிக்கு எழும்பி இதை எழுதுகிறேன். அப்பாவின் ஆட்டைத் திவசம், ஏ9 வீதி, இரணைமடுக் குளம் தண்ணீர் நிரம்பி நின்றது எல்லாம் நன்றாகவே இருந்தன. அதையெல்லாம் எழுத எனக்கு இப்போது மனமில்லை. ஒரு யன்னலைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

முதலில் என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இந்தக் கதை நகராது. எனக்கு ஈரலைத் தாக்கும் கிருமியான ஹெப்படைடிஸ் பி இருக்கிறது. மூத்தவள் வயிற்றில் இருக்கும்போது ஸ்காபரோவில் எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் தெரிய வந்தது. பிள்ளை பிறந்து 12 மணித்தியாலத்துக்குள் இரண்டு ஊசி போட்டார்கள், அவளுக்குத் தொற்றவில்லை. எனக்குப் பிறகு ஈரல் கொஞ்சம் பழுதாகத் தொடங்க, ரெனோபோவிர் என்ற குளிசை தந்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒன்று. சி வகைக் கிருமி என்றால் மூன்று மாதக் குளிசையிலேயே பெரும்பாலானோருக்குச் சுகமாகிவிடும், பி அப்படி இல்லை. அடக்கித்தான் வைக்கலாம். திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த கிருமி எழும்பி ஈரலைப் போட்டுத் தாக்கும் என்று என் டொக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

மூன்று கிழமைக்கென்று ஒரு போத்தல், 30 குளிசை கொண்டு போனேன். திரும்பிப் போக இரண்டு நாள் இருக்க அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டா. ரிக்கற்றை ஒரு மாதம் தள்ளிப் போட்டேன். அம்மாவின் கட்டு, சமையல், மருந்து என்று ஓடிய ஓட்டத்தில் என் போத்தலை எண்ணிப் பார்த்தபோது ஐந்து குளிசைதான் கிடந்தது.

ரவுணில் ஒரு பாமசிக்குப் போய் வெறும் சொல்லாகக் கேட்காமல் போத்தலையே நீட்டினேன். நின்ற பெடியன் லேபிளை வாசித்துவிட்டு, “அக்கா, இது எச்.ஐ.வி.க்குக் குடுக்கிற குளிசை எல்லோ, இது இங்க வராது, ஆசுப்பத்திரியில கேளுங்கோ” என்றான். கடையில் இன்னும் நாலு பேர். அவன் சொன்னதில் பாதி சரி, எச்.ஐ.வி. மருந்துக் கூட்டிலும் இதே ரெனோபோவிர் இருக்கிறது. மற்றப் பாதியை, அந்த நாலு பேருக்கும் நடுவில் நின்று நான் எப்படி விளங்கப்படுத்துவது?

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு ஆசுப்பத்திரி. எந்த ஆசுப்பத்திரி என்று எழுதமாட்டேன், அங்கே எனக்கு நன்மை செய்தவர்களும் இருக்கிறார்கள். வரிசை நாங்கள் சின்னப் பிள்ளைகளாய் இருந்தபோது நின்ற அதே வரிசைதான். அப்போது கையில் மருந்துத் தண்ணிக்கு ஒரு வெறும் போத்தல் கொண்டு போவோம், கழுவின போத்தலா என்று மணந்து பார்த்துவிட்டு ஊற்றுவார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பனடோலுக்கும் எண்ணித்தான் தருவார்கள், ஆனாலும் அந்த வாங்கில் இருக்கும்போது ஒரு பயமும் இருந்ததில்லை. இந்த முறை கட்டிடம் புதுசு, மின்விசிறி சுழல்கிறது, தரை பளபளக்கிறது, எனக்கோ நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

யன்னலுக்குள் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

“என்ன வருத்தம்?”

“ஈரல் வருத்தம், கிளினிக்குக்குத் துண்டு...”

“கேக்கேல்ல. என்ன வருத்தம், சத்தமாச் சொல்லுங்கோ.”

எனக்குப் பின்னால் முப்பது பேராவது. முதுகில் முட்டிக்கொண்டு நின்ற ஒரு தாயின் கையில் இரண்டு வயதுப் பிள்ளை, அது என் தோள்பையின் வாரைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் பேசாமல் போத்தலை உள்ளே தள்ளினேன். அவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த மேசைக்காரரிடம், “இது பின்னுக்கு அந்தக் கிளினிக்” என்று உரத்துச் சொல்லி, எனக்குக் கையால் வழி காட்டினார். அந்தக் கை காட்டின திசையை வன்னியில் தெரியாதவர் இல்லை. திரும்பினேன். அந்தத் தாய் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக என் பை வாரிலிருந்து கழற்றி, பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினா. என்னைத் திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. விரலைத்தான் கழற்றினா. ஏழு கிழமையில் வேறு எத்தனையோ பார்த்தேன், அந்தச் சின்ன விரல்கள் கழன்றதுதான் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஸ்காபரோவில் மருந்துக் கடையில் தரையில் ஒரு கோடு போட்டிருக்கும், முன்னால் நிற்பவர் பேசி முடியும்வரை அடுத்தவர் அதைத் தாண்டமாட்டார். பேச வேண்டியது இருந்தால் பக்கத்தில் கதவோடு ஒரு சின்ன அறை. அங்கே எமேர்ஜென்சியில் எட்டு மணித்தியாலம் காய்ந்திருக்கிறேன், ஸ்பெஷலிஸ்ட்டைக் காண நாலு மாதம் பார்த்திருந்திருக்கிறேன், அதனால் அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் என் வருத்தத்தின் பெயரை முப்பது பேருக்குக் கேட்க யாரும் சொல்ல வைத்ததில்லை. கோடு போட ஒரு பெயின்ற் டப்பா போதும். வருத்தத்தை எழுதிக் கொடுக்க ஒரு துண்டுக் கடதாசி போதும். இதற்கு உலக வங்கிக் காசு தேவையில்லை.

சரி, பின்னுக்குப் போனேன். பாலியல் நோய் சிகிச்சை நிலையம், எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுப்பதும் அங்கேதான். திரும்பி வீட்டுக்கே போய்விடலாமா என்று வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போக, ஒரு நேர்ஸ் மிஸ் எழும்பி வந்து, “வெயிலுக்க நிண்டனீங்களோ அக்கா, இருங்கோ, தண்ணி குடியுங்கோ” என்றா. பெயரைக் கூப்பிடும் வழக்கமே அங்கில்லை, ஒரு நம்பர்தான். கதவு சாத்தியிருந்தது. நான் சொன்னது எனக்கும் அவவுக்கும் மட்டும்தான் கேட்டது. அரை மணித்தியாலத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லத் தொடங்கினவுடன் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ பேனையை வைத்துவிட்டு நான் முடிக்கும்வரை பேசாமல் இருந்தா.

டொக்டர் இளம் பெண், சிங்களவர், நல்ல தமிழ் பேசினா. போத்தலைப் பார்த்தவுடனேயே, “இது ஹெப்படைடிஸுக்குத்தானே எடுக்கிறீங்கள், பாமசியில குழப்பிட்டாங்கள்” என்றா. அங்கே இருக்கிற ரெனோபோவிர் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென்று ஆள்கணக்கில் வருவது, அதில் எடுத்துத் தர முடியாது என்று நேராகச் சொன்னா. அதோடு விட்டுவிடாமல் அங்கிருந்தே பொது வைத்திய நிபுணருக்கு ரெலிபோன் எடுத்து, கடிதம் எழுதி, மறுபடி யன்னலுக்குப் போகத் தேவையில்லாமல் ஒரு ஆளோடு என்னை அனுப்பி வைத்தா.

காத்திருந்த நேரத்தில் மிஸ்ஸோடு கதைத்தது மறக்காது. 1987இல் முதல் இலங்கையருக்கு எச்.ஐ.வி. கண்டுபிடித்த காலத்தில் இங்கே மருந்தே இல்லை. 2004 முதல் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, ஒழுங்காகக் குடித்துக் கிருமி இரத்தத்தில் பிடிபடாத அளவுக்குக் குறைந்தால் துணைக்குக்கூடத் தொற்றாது. ஒவ்வொரு கர்ப்பிணித் தாய்க்கும் எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பார்க்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் போவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் உறுதிப்படுத்தியது. போரில் நொருங்கிப்போன எங்கள் இடத்துப் பிள்ளைத்தாச்சிகளும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். குடும்பநல மாது சைக்கிளில் போய் வீடு வீடாகச் சேர்த்த கணக்கு அது. இதை மிஸ் சொன்னபோது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. அப்புறம் அவ இன்னொன்று சொன்னா. இந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது கண்டுவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ பஸ் ஏறிப் போகிறார்களாம், அதே பயத்தில் அங்கிருந்து சிலர் இங்கே வருகிறார்களாம். மருந்து வாசலில் இருக்க, சனம் பஸ்ஸில் ஒன்றையொன்று தாண்டிப் போகிறது.

நிபுணர் எழுதித் தந்த துண்டோடு தம்பி யாழ்ப்பாணத்தில் மூன்று கடை ஏறி இறங்கிக் குளிசை வாங்கி வந்தான். என்னிடம் அப்போது ஒன்று மிச்சம்.

அந்த நிபுணர்தான் கேட்டார், “உங்கட அம்மா, சகோதரத்துக்குப் பாத்தாச்சோ?” என்று. இத்தனை வருசத்தில் நான் அம்மாவிடம் வருத்தத்தையே சொல்லவில்லை. ஊரில் செங்கமாரி, அதுதான் மஞ்சள் காமாலை, என்றால் ஒன்றுதான். எண்ணெய் இல்லாத சாப்பாடு, கீழ்காய்நெல்லி அரைத்து மோரில், தனிக் கோப்பை. 2009இல் போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிக்குளம் முகாமில் பரவியது தண்ணியால் வரும் ஏ வகை, அதைப் பார்த்த சனத்துக்கு எல்லா ஈரல் வருத்தமும் அதுதான். பி கோப்பையால் வராது. இரத்தத்தால், உடலுறவால், பிரசவத்தால் வரும். கீழ்காய்நெல்லியைப் பற்றியும் நான் தேடிப் படித்திருக்கிறேன். அதன் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி பி கிருமியை விரட்டுகிறது என்று சென்னையில் செய்த ஆய்வு ஒன்று 1988இல் வெளிவந்தது, அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த புளூம்பேர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். ஆனால் பிறகு செய்த ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை. இதையெல்லாம் சின்னம்மாவுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்லத் தலையாட்டிவிட்டு இரவு எனக்குத் தனிக் கோப்பை வைத்தா.

தம்பிக்கு இல்லை என்று வந்தது. அம்மாவுக்கு இருக்கிறது. ஈரல் நல்லாக இருக்கிறது, இப்போதைக்கு மருந்து தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருக்கால் வந்து காட்டினால் போதும் என்றார்கள். அவவுக்கு எப்படி வந்தது, எப்போது வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பெரிய ஆளாகித் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தாமாகவே கிருமியைக் கழித்துவிடுவார்கள். பிறக்கும்போது தொற்றின குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது தங்கிவிடும். நான் அந்தத் தொண்ணூறில் ஒருத்தி.

அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “அப்ப நான்தானோ உனக்குக் குடுத்தனான்?” என்று கேட்டா. நான் பிறந்த காலத்தில் ஊரில் இதற்கென்று பரிசோதனையும் இல்லை, ஊசியும் இல்லை, உங்களில் ஒரு பிழையும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவ கேட்ட மாதிரித் தெரியவில்லை. சமையலறைக்குப் போய், சின்னம்மா வைத்த தனிக் கோப்பையை எடுத்து மற்றதுகளோடு கழுவி அடுக்கினா, ஒற்றைக் கையால்.

போகிற அன்று தம்பியின் நாலு வயது மகளின் கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 2003இல் இலங்கைத் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்தது இந்த ஹெப்படைடிஸ் பி ஊசி, இப்போது பென்ராவலன்ற் என்ற ஐந்து நோய்க்கான ஒரே ஊசிக்குள் சேர்த்துப் போடுகிறார்கள். 2 மாதம், 4 மாதம், 6 மாதம். மூன்று கட்டத்திலும் திகதியும் கையெழுத்தும் இருந்தன. ஆறாம் மாதத்துத் திகதி அடைமழைக் காலம், குளம் வான் பாய்ந்து றோட்டு மூடியிருந்த கிழமையாம். மச்சாள் பிள்ளையை டிரக்டரில் தூக்கிக்கொண்டு போனாவாம். அம்மாவைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடி எடுத்துவரச் சொல்லி, மூன்று கட்டத்தையும் விரல் வைத்து வாசித்தா.