நாகர்கோவில் வர்த்தகப் பேச்சுவார்த்தை வகுப்பு: பாடம் அருமை, நிர்வாகம் மோசம்

நாடுகளுக்கு இடையே வர்த்தகப் பேச்சு நடத்துபவராகவோ பொருளாதார ஆலோசகராகவோ ஆக நினைக்கும் நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நாகர்கோவிலில் ஒரு தனியார் நிலையம் நடத்தும் வார இறுதி வகுப்பு இது.

பாடம் எடுப்பவர் மத்திய வர்த்தகத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். உலக வர்த்தக அமைப்பு இருக்கிற ஜெனீவா கதையெல்லாம் பேசாமல் நேராக குலசேகரம் ரப்பருக்கு வந்துவிட்டார். உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தத்தில் மாறாமலைக் கிராம்பு உண்டு, மட்டி வாழை உண்டு, ஆனால் ரப்பரும் குளச்சலில் இறங்கும் மீனும் கிடையாது. பால் வெட்டி ஷீட் அடிப்பவர் நமக்கு விவசாயி, ஒப்பந்தக் கணக்கில் அந்த ஷீட் தொழில்துறைப் பொருள், அதனால் அதற்கு 25 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி வரி போட இந்தியா கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. ரப்பர் விலை சரியும்போதெல்லாம் வரியை ஏற்றுங்கள் என்று கேட்கிற நாம், அந்தக் கதவு எங்கே எப்போது அடைக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு போட்ட ஆசியான் ஒப்பந்தம் 2010 இல் நடைமுறைக்கு வந்தபோது இயற்கை ரப்பரை விலக்குப் பட்டியலில் (வரிச்சலுகை இல்லாத பொருள்களின் பட்டியல்) வைத்துக் காத்தார்கள், ஆனால் ரப்பரோடு வேறு பொருள்களைக் கலந்த கலவை ரப்பர் சலுகை வரியில் உள்ளே வந்துவிட்டது. பட்டியலில் ஒரு பொருளின் பெயர் விட்டுப்போனால் தோட்டக்காரன் வீட்டில் என்ன ஆகும் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

2001 இல் தோஹாவில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு பற்றிய வகுப்பும் அப்படித்தான். முதலீடு, போட்டி, அரசுக் கொள்முதல், வர்த்தக எளிமையாக்கல் (சுங்க நடைமுறைகளைச் சுலபமாக்குவது) ஆகிய நான்கையும், எல்லா நாடுகளின் வெளிப்படையான ஒருமித்த சம்மதம் இல்லாமல் பேச்சுக்கு எடுக்கக் கூடாது என்று அப்போதைய மத்திய வர்த்தக அமைச்சர் முரசொலி மாறன் பிடிவாதமாக நின்றதையும், 2004 இல் அதில் மூன்று கைவிடப்பட்டதையும் படிப்படியாகச் சொன்னார். ஒரு சொல்லுக்காக இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதுதான் இந்த வேலையே என்று புரிந்தது.

குறைகளும் இருக்கின்றன. உலக வர்த்தக அமைப்பின் 2022 மீன்பிடி மானிய ஒப்பந்தத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள், தேங்காப்பட்டணம், குளச்சல் மாதிரி மீன்பிடி ஊர்கள் இருக்கிற மாவட்டத்தில் இது நியாயமே இல்லை. குறிப்புகள் முழுக்க ஆங்கிலம். பணம் கட்டும்போது சொன்ன தனி ஆலோசனை நேரத்தைக் கடைசிவரை தரவில்லை, கேட்டால் அடுத்த வாரம் என்றார்கள்.

உடனே ஏற்றுமதி தொடங்க நினைப்பவர்களுக்கு இது உதவாது. பொருளாதாரமோ சட்டமோ படித்துவிட்டு, குடிமைப் பணித் தேர்வு வழியாக இந்திய வர்த்தகப் பணிக்குப் போக நினைப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். தனி ஆலோசனை எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.