பம்ப் வாங்குமுன் பைப்பைப் பாருங்கள்: முக்கால் இன்ச் சி.பி.வி.சி.க்கு என் மதிப்பெண்

வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக் வகையான சி.பி.வி.சி. பைப்புக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார். வீட்டின் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டு அதைப் போட்டிருக்கிறோம். ஒரு ஸ்டாரை ஏன் பிடித்தம் செய்தேன் என்பது பின்னால் வருகிறது.

முன்பு எப்படி இருந்தது என்றால், சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் குளியலறையில் சோப்பு போட்டு நிற்பவர் கத்துவார். வாஷிங் மெஷின் தண்ணீர் போதவில்லை என்று பாதியில் நின்றுவிடும். 10 லிட்டர் வாளி நிரம்ப 2 நிமிஷம். வீட்டுக்காரர் பிரஷர் பம்ப் வாங்கிவிடலாம் என்று ஒரே பிடிவாதம். நான் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள், அதனால் முதலில் ஒரு பிரஷர் கேஜை வாங்கிக் கீழ்த்தளத்துக் குழாயில் மாட்டினேன். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது முள் 0.7 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நின்றது. தொட்டி மட்டம் அந்தக் குழாயிலிருந்து 7 மீட்டர் உயரம். 10 மீட்டர் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட 1 பார் என்பதால் கணக்கு சரியாக இருக்கிறது. பக்கத்துக் குழாயைத் திறந்தேன். முள் சட்டென்று கீழே விழுந்தது.

தொட்டி தர வேண்டிய அழுத்தத்தைத் தருகிறது, தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் வழியில் அதைக் குழாய் தின்றுவிடுகிறது என்பதுதான் இதற்கு அர்த்தம். அந்த நிலையில் பம்ப் வைத்தால், துருப்பிடித்த மூட்டுகளில் கூடுதல் அழுத்தம் ஏறி சுவருக்குள் கசிவுதான் மிஞ்சும்.

பிளம்பர் ஒரு எல்போவுக்கு (வளைவு மூட்டுக்கு) பக்கத்தில் குழாயை அறுத்து, துண்டைக் கையில் கொடுத்தார். வெளியே பெயின்ட் அடித்து நன்றாகத்தான் இருந்தது. உள்ளே செம்பழுப்பில் முண்டு முண்டாகத் துரு, அதன் மேல் உப்புப் படிவு. பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதுவும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி. தரையில் தட்டினால் ஈரத் துரு கட்டியாக உதிர்ந்தது. "இதுல தண்ணி வந்ததே பெரிசு டீச்சர்" என்றார்.

இரும்பின் மேல் பூசிய துத்தநாகம் கரைந்து தீர்ந்தபின் துரு ஆரம்பிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். மரை வெட்டும்போதே பூச்சு போய்விடுவதால் மூட்டுகள்தான் முதலில் அடைபடும். புது அரை இன்ச் ஜி.ஐ.யின் உள்விட்டம் சுமார் 16 மி.மீ. அது 8 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிட்டால் தண்ணீர் பாதியாகத்தானே குறையும் என்று தோன்றும். அப்படியில்லை. அதே உயரத்திலிருந்து வரும் ஓட்டம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்காகிவிடும். சொரசொரப்பால் குறைவது தனி.

இப்போது சி.பி.வி.சி.க்கு வருகிறேன். கடைக்காரர், "அரை இன்ச்சுக்கு அரை இன்ச்" என்று எடுத்து வைத்தார். அங்கேதான் கவனம் வேண்டும். சி.பி.வி.சி.யில் அளவு வெளிவிட்டத்தை வைத்து வருகிறது. எஸ்.டி.ஆர். 11 வகையில் (வெளிவிட்டம் சுவர்த் தடிமனைப்போல் 11 மடங்கு) அரை இன்ச் பைப்பின் உள்விட்டம் 12.4 மி.மீ.தான், அதாவது புது ஜி.ஐ.யைவிடக் குறைவு! முக்கால் இன்ச் என்றால் 18.2 மி.மீ. இந்த இரண்டுக்கும் இடையே ஓட்டத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் வித்தியாசம். தொட்டியிலிருந்து இறங்கும் லைனை ஒரு இன்ச்சிலும், அறைகளுக்குப் பிரியும் லைனை முக்காலிலும் போட்டு, குழாய் வாய்க்குப் பக்கத்தில் மட்டும் அரை இன்ச்சுக்கு இறக்கினோம். பி.பி.ஆர். என்ற இன்னொரு பிளாஸ்டிக் பைப்பிலும் இதே கதைதான்: 20 மி.மீ. என்று எழுதியிருக்கும், பி.என். 20 என்ற அழுத்த வகையில் உள்ளே 13.2 மி.மீ.தான் கிடைக்கும். எந்தப் பைப் வாங்கினாலும் உள்விட்டத்தைக் கேளுங்கள், சொல்லத் தெரியாவிட்டால் ஸ்கேலை வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

பைப்பை மாற்றும்போதே தொட்டிக்கடியில் இருந்த பழைய கேட் வால்வையும் கழற்றினோம். பிடி முழுக்கச் சுற்றியது, உள்ளே தகடு பாதியில் சிக்கி நின்றிருந்தது. அதன் இடத்தில், திறந்தால் பைப்பின் முழு விட்டத்துக்கும் வழிவிடும் ஃபுல் போர் பால் வால்வு. சில வீடுகளில் இந்த வால்வும், குழாய் நுனியில் இருக்கும் சல்லடையும்தான் குற்றவாளியாக இருக்கும். சுவரில் கை வைப்பதற்கு முன் அந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

பலன் என்ன? மூடிய நிலையில் கேஜ் முன்பு காட்டிய அதே 0.7 பார். பைப் மாற்றினால் அது மாறாது, மாறவும் கூடாது. பக்கத்துக் குழாயைத் திறந்தால் முள் லேசாகத் தலையாட்டுவதோடு சரி. வாளி 40 செகண்டில் நிரம்புகிறது. வெந்நீர் லைனும் இதே பைப்தான். 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்பது இதன் பெரிய பலம், சாதாரண பிளாஸ்டிக் பைப்பான யு.பி.வி.சி.யை வெந்நீருக்குப் போடவே கூடாது. அழுத்தம் தாங்குவதில் கவலையே இல்லை: 23 டிகிரியில் சுமார் 28 பார், 82 டிகிரியில் 7 பார். இருந்தாலும் ஹீட்டரை ஒட்டி உலோக இணைப்புதான் கொடுத்திருக்கிறோம்.

ஒரு ஸ்டார் எங்கே போனது? வேலை செய்பவர் கையில் இருக்கும் சிரத்தையைப் பொறுத்தது இந்தப் பைப். நேராக வெட்டி, விளிம்பைச் செதுக்கி, சால்வென்ட் சிமென்ட்டை (பைப் ஒட்டும் பசையை) பைப் நுனியில் சீராகவும் ஃபிட்டிங்குக்குள் மெல்லிசாகவும் தடவி, கால் சுற்று சுற்றிச் செருகி, அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரக்காரர்கள் சிமென்ட்டைக் கொட்டி அப்புவார்கள். அது உள்ளே வழிந்து, நாம் காசு கொடுத்து வாங்கிய உள்விட்டத்தையே அடைக்கும். எங்களுக்கு வந்தவர் நல்ல வேலைக்காரர், ஆனால் அவருக்கும் அன்றைக்கே சுவரைப் பூசிவிட ஆசை. நான் விடவில்லை. மூட்டுகள் காய்ந்த பிறகு கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்த்தோம். மரைவைத்த மூட்டு ஒன்று வியர்த்தது. டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்றியதும் நின்றது. பூசியபின் தெரிந்திருந்தால் டைல்ஸ் போயிருக்கும். குழாய் மாட்டும் இடங்களில் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங் மட்டும் வாங்குங்கள், பிளாஸ்டிக் மரையை ஸ்பேனரால் ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினால் விரிசல் விடும்.

இன்னும் சில்லறைக் குறைகள் உண்டு. வெயில் ஆகாது, மாடியில் போகும் பைப்புக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். சூட்டில் நீளும்: 10 மீட்டர் பைப் 10 டிகிரி சூடேறினால் 6 மி.மீ. அதனால் கிளாம்ப்பை இறுக்கிக் கட்டக் கூடாது. அப்புறம் சுவரில் ஆணி அடிக்குமுன் பைப் எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பூசுவதற்கு முன்பே எல்லாச் சுவரையும் அளவு டேப் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மேல்மாடி ஷவர் மட்டும் இன்னும் சுமார்தான். தொட்டிக்கும் அதற்கும் 2 மீட்டர்கூட இல்லை, 0.2 பாருக்கு எந்தப் பைப்பும் மழை பொழியாது. அந்த ஒரு ஷவருக்குச் சின்ன பம்ப் வைக்கலாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

புதுப் பிரச்சினை ஒன்று: தொட்டி முன்பைவிடச் சீக்கிரம் காலியாகிறது. எல்லோரும் பழக்கதோஷத்தில் குழாயை முழுக்கத் திறக்கிறார்கள். இப்போதைக்குச் சமையலறைக் குழாய்க்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வைக் கொஞ்சம் மூடி வைத்திருக்கிறேன், யாருக்கும் தெரியாது.