காசித்தும்பையா, இம்பேஷன்ஸா?

காசித்தும்பை என்று நினைத்து இம்பேஷன்ஸ் நாற்றை வாங்கி வருகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒரே பேரினம். நீர் கோத்த தண்டு, பூவுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் வால், தொட்டால் வெடிக்கும் காய் எல்லாமே இரண்டுக்கும் பொது. (பெயரை வைத்துத் தும்பைக்குச் சொந்தமோ என்று நினைக்க வேண்டாம். அது துளசிக் குடும்பம்.) காசித்தும்பை இந்தியாவையும் அதன் கிழக்கே உள்ள நாடுகளையும் சேர்ந்தது. நர்சரிகளில் வெறுமனே இம்பேஷன்ஸ் என்று விற்கிற வாலெரியானா, கிழக்கு ஆப்பிரிக்கச் செடி.

பூவின் நிறத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. இரண்டிலும் வெள்ளை, ரோஸ், சிவப்பு, ஊதா உண்டு. அடுக்குப் பூவும் உண்டு. பூ எங்கே பூத்திருக்கிறது என்று பாருங்கள். காசித்தும்பை நிமிர்ந்து வளரும். பூக்கள் தண்டை ஒட்டி, இலைக்கணுவில் ஒளிந்திருக்கும். இலை குறுகி நீண்டு, ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும். வாலெரியானா கிளைத்துப் பரவும். தட்டைப் பூக்கள் இலைகளுக்கு மேலே வந்து செடியையே மூடிவிடும். இலை அகலமானது, காம்பு நீளம். பூவின் வாலும் நூல் மாதிரி மெலிந்து நீண்டிருக்கும். அப்புறமும் சந்தேகம் என்றால் காயைத் தடவிப் பாருங்கள்: காசித்தும்பைக் காயில் மெல்லிய ரோமம் அடர்ந்திருக்கும், மற்றது வழுவழுப்பு.

வளர்ப்பில்தான் இரண்டும் வெவ்வேறு வழி போகின்றன. காசித்தும்பை விதை கைக்கு அகப்படும் அளவு இருக்கும். மண்ணில் லேசாகப் புதைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும், இரண்டு மாதத்தில் பூக்கும். வாலெரியானா விதையோ தூசி. அதையும் அதே மாதிரி மண் போட்டு மூடி, ஒரு மாதம் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தேன். ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும், மண்மேல் தூவி அழுத்தினால் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது அந்தச் சிரமமே படுவதில்லை. ஒரு கிளையைக் கிள்ளித் தண்ணீரில் வைத்தால் வேர் விட்டுவிடுகிறது.

ஆனால் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நிழலான மூலை என்றால் வாலெரியானாவுக்குப் போட்டியே இல்லை. உச்சி வெயிலில் அது துவண்டுவிடும். காலை வெயில் நன்றாக விழும் இடத்துக்குக் காசித்தும்பை. தண்ணீர் இரண்டுக்குமே தாராளமாக வேண்டும், தேங்கக் கூடாது. காசித்தும்பைக்கு ஆயுள் ஒரு பருவம்தான். உறைபனி இல்லாத இடத்தில் வாலெரியானா பல ஆண்டு இருக்கும்.

நோய் விஷயத்தில் வாலெரியானாவை நம்புவது கொஞ்சம் பயம்தான். இலை வெளுத்து, அடியில் வெள்ளைப் பூசணம் படிந்தால் அது அடிச்சாம்பல் நோய். சீக்கிரமே மொட்டைத் தண்டுகள்தான் மிஞ்சும். 2011, 2012இல் அமெரிக்கத் தோட்டங்களில் அது பெரிய சேதம் செய்தது. அந்த நோய் வந்துபோன இடத்தில், நன்றாகத் தாங்கும் நியூ கினி இம்பேஷன்ஸ் வகையை வையுங்கள். காசித்தும்பை அதற்கு மாற்று ஆகாது, அதையும் அந்த நோய் தாக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் காசித்தும்பையைத்தான் சொல்வேன். ஒருமுறை போட்டால் விதைக்கு அலைய வேண்டாம். வாலெரியானாவின் கலப்பின ரகங்களில் விதை எடுத்தால் அதே செடி வராது. காசித்தும்பைக் காய் வெளிறி உப்பியதும் முழுக் கையாலும் பொத்திப் பிடித்துப் பறியுங்கள். விரல் நுனியால் தொட்டீர்களோ, விதையெல்லாம் பக்கத்துத் தொட்டிக்குத்தான்.